சீக்குக் கொட்டகைக்குக் குரல் கேட்குமா?

பாக்கியம் ஆன்டி பிஸ்கட் டின்னைத் தூக்கி மேசையின் நடுவில் வைத்தார். "இது சமையல் கொட்டகை" என்றார்.

மேசை ஓரத்தில் இரண்டு கரண்டிகளை நீளவாக்கில் வைத்தார். அது தண்டவாளம். உப்பு ஜாடி, கிணறு. ஈரத் துண்டை முறுக்கிக் குறுக்கே போட்டார். அது ஓடை. கடைசியில் சீனி டப்பாவைக் கையில் எடுத்தவர், அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் அந்தரத்திலேயே பிடித்துக்கொண்டிருந்தார். சீனி டப்பாதான் சீக்குக் கொட்டகை.

"இங்க வச்சா கிட்ட இருக்கு. அங்க வச்சா ரொம்பத் தூரமாப் போயிடுது. நீதான் சொல்லணும் சரோஜா. அதுக்குத்தானே உன்ன வரச் சொன்னேன்."

"ம்மா, அந்த டப்பாவ இப்படிக் குடுங்க. தேத்தண்ணியில சீனி பத்தல" என்றார் அவர் மகன் ரவி.

ஆன்டி கொடுக்கவில்லை. ரவி சீனி பத்தாத தேத்தண்ணியையே குடித்து முடித்தார். காப்பாரில் அந்த வீட்டுச் சமையலறையில் காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது, நான் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், எப்போது வீட்டுக்குக் கிளம்பலாம் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

கோடு போடுவது என் தொழில்

இந்த வாரம்தான் இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்கு என்னைப் பற்றி இரண்டு வரி. பிரிக்ஃபீல்ட்ஸில் பிறந்து வளர்ந்தவள். கோலாலம்பூரில் கட்டட வரைபடம் போடும் அலுவலகம் ஒன்றில் தலை நரைக்கும் வரை கோடு போட்டவள். முதலில் பேனாவில், அப்புறம் கணினியில். படிக்கட்டு எங்கே, கக்கூஸ் எங்கே, மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், இவ்வளவுதான் எனக்குத் தெரியும். உருக்கமான கூட்டங்களுக்குப் போகிற வழக்கம் இல்லை. மெழுகுவர்த்தி ஏற்றிப் புல்லாங்குழல் போட்டார்கள் என்றால் நான் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவேன்.

இது தெரிந்தும் குணா என்னைத் தேடி வந்தான். குணா ஓய்வு பெற்ற வாத்தியார், எங்கள் தெருக்காரன். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சின்ன மண்டபத்தில் சயாம் மரண ரயிலைப் பற்றிக் கண்காட்சி வைக்கப் போகிறானாம். அதில் ஒரு முகாமை மரத்தில் சின்னதாகச் செய்து வைக்க வேண்டுமாம். தச்சன் தயார், வரைபடம்தான் இல்லை.

"ஒரு வாரத்து வேலை லா சரோஜாக்கா" என்றான்.

ஒரு வாரத்து வேலை என்று சொல்கிறவன் எவனும் ஸ்கேலைத் தொட்டிருக்க மாட்டான். அது எனக்கு நாற்பது வருஷ அனுபவம்.

இரண்டாம் உலகப் போரில், சப்பான்காரன் காலத்தில் நம் ஆட்களைத் தோட்டம் தோட்டமாக ரயிலில் அள்ளிப்போட்டு, சயாமில் தண்டவாளம் போடக் கொண்டுபோனது நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். தெரியும் என்றால், "எங்க பெரியப்பா போனாரு, வரல" என்கிற அளவுக்குத் தெரியும். அந்தக் கொட்டகை எந்தப் பக்கம் பார்த்து நின்றது, போய் இறங்கியவனை முதலில் எங்கே நிறுத்தினார்கள், எங்கே படுக்க வைத்தார்கள் என்று கேளுங்கள். பெப்பே என்று முழிப்பார்கள். நானும் அப்படித்தான் முழித்தேன்.

குணாவிடம் பழைய ஒலிப்பதிவுகள் இருந்தன. அந்த ஒரே முகாமுக்குப் போய்த் திரும்பிய சில கிழவர்களிடம் பல வருஷத்துக்கு முன்னால் பேசிப் பதிவு செய்தது. பேசியவர்கள் யாரும் இப்போது இல்லை. உயிரோடு இருப்பவர் பாக்கியம் ஆன்டி ஒருவர்தான். அவர் அங்கே போனபோது பால்பல் விழுந்துகொண்டிருந்த வயசு. இப்போது தொண்ணூறை நெருங்கிக்கொண்டிருக்கிறார்.

இறங்கிய இடம்

காதில் மாட்டிக்கொண்டு அந்தப் பதிவுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். பக்கத்தில் வெள்ளைத் தாள். கிழவர்கள் அழுத இடங்களைத் தள்ளிவிட்டு, "அதுக்குப் பக்கத்துல", "அதைத் தாண்டி" என்று வருகிற இடங்களில் நிறுத்தி நிறுத்திக் குறித்துக்கொண்டேன். கல் மனசு என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். அழுதுகொண்டே கோடு போட்டால் கோடு வளையும்.

கொஞ்சம் கொஞ்சமாக முகாம் தாளில் எழுந்தது.

சரக்கு வண்டி ஒரு சரிவில் வந்து நிற்கும். மேடை கிடையாது, குதிக்க வேண்டும். குதித்தால் நேரே தார்ப்பாய்ப் பந்தல். மூங்கிலைக் கட்டிக் குறுகலாகப் பாதை விட்டிருந்தார்கள், ஆட்கள் ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். பந்தலின் தொடக்கத்திலேயே மூட்டை முடிச்சைப் பிடுங்கிக் குவித்துவிடுவார்கள். அடுத்தது வெட்டிய பீப்பாய்கள். ஒன்றில் ரோஸ் நிறத் தண்ணீர், அதில் காலை நனைக்க வேண்டும். இன்னொன்றில் கார்பாலிக் மருந்து, அதில் துணியை முக்கி ஈரத்தோடு கட்டிக்கொள்ள வேண்டும். பாக்கியம் ஆன்டி வீட்டில் இன்றுவரை தரைக்குப் பினாயில் போடுவதில்லை. மருமகள் ஒருமுறை தெரியாமல் போட்டுவிட்டு வீட்டையே நாலு தடவை கழுவ வேண்டியதாகிவிட்டதாம்.

அதற்கப்புறம் கண்ணாடிக் குச்சி. வாந்திபேதி இருக்கிறதா என்று பார்க்கிற சோதனை. எல்லார் முன்னாலும் குனிய வைத்துச் செய்தார்கள், ஆண் பெண் பார்க்கவில்லை. பதிவில் பேசிய கிழவர்கள் எல்லாருமே அந்த இடம் வந்ததும் இருமிவிட்டு வேறு பேச்சுக்குத் தாவினார்கள். நானும் தாளில் ஒரு சின்ன வட்டத்தைப் போட்டுவிட்டு நகர்ந்தேன்.

கடைசியாக ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் சப்பான்காரன். அவனுக்குப் பக்கத்தில், நம்ம ஊர்த் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணிபோல் சட்டை போட்ட ஒரு தமிழ் ஆள். கேள்வியைத் தமிழில் கேட்பான், பதிலை அந்தப் பக்கம் சொல்வான். மேசையில் மரச்சில்லுகள் குவிந்திருக்கும். எண் எழுதிய சில்லைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிவிடுவார்கள். அந்த நிமிஷத்தோடு பேர் போய்விடும்.

மேசையைத் தாண்டினால் பாதை இரண்டாகப் பிரியும். வலது பக்கம் போனால் படுக்கைக் கொட்டகைகள். நீள நீளமாக, மூங்கில் கால், அத்தாப்பு ஓலைக் கூரை, நடுவில் நடைபாதை, இரண்டு பக்கமும் மூங்கில் பரண். அதற்கு அப்பால் சமையல் கொட்டகை, கிணறு, மலக்குழிகள். இடது பக்கம் போனால் ஓடை. ஓடை மேல் இரண்டு பலகை போட்ட பாலம். பாலத்துக்கு அந்தப் பக்கம் தன்னந்தனியாக சீக்குக் கொட்டகை.

இதைத் திட்டமிட்டவன் முட்டாள் இல்லை. எனக்கு வயிறு எரிந்ததே அதனால்தான். கிணற்றை மேட்டில் வைத்திருந்தான், குழியைப் பள்ளத்தில் வைத்திருந்தான். சந்தையோ பள்ளிக்கூடமோ கட்டியிருந்தால் கைகொடுத்துப் பாராட்டியிருப்பேன்.

வரைபடத்தில் பாதைகளுக்கு அம்புக்குறி போடுவது எங்கள் வழக்கம். போகும் வழிக்கு ஒன்று, வரும் வழிக்கு ஒன்று. அந்தப் பலகைப் பாலத்துக்குப் போகும் வழி அம்புக்குறி மட்டும்தான் போட முடிந்தது. சீக்காளியாக அங்கே போனவர் திரும்பி வந்ததாக நான் கேட்ட எந்தக் குரலும் சொல்லவில்லை.

மேசையில் கேட்ட கேள்வி

பாக்கியம் ஆன்டியின் அம்மா பேர் அஞ்சலை. காப்பார்ப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அப்பா காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டார். தோட்டத்தில் மரவள்ளிக்கிழங்கைத் தவிர வேறொன்றும் இல்லாத நேரம். சயாமுக்கு வந்தால் அரிசி உண்டு என்று சொன்னார்கள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அஞ்சலை ரயில் ஏறினார். பக்கத்து லயத்து வீட்டுக் காளியம்மாவும் அதே வண்டியில் ஏறினார்.

வழியில் அஞ்சலைக்கு வாந்தி. காளியம்மா தன் சேலையால் துடைத்துவிட்டார். யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று பெரியவர்களுக்குள் பேசி வைத்துக்கொண்டார்கள். பிள்ளையிடம் சொல்லி வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

"மேசைகிட்ட வந்தோம்" என்றார் ஆன்டி. சீனி டப்பாவை இன்னும் கீழே வைக்கவில்லை. "அந்த ஆள் எங்க அம்மாவக் கேட்டான், நோவு எதும் உண்டான்னு. அம்மா இல்லைன்னுச்சு. அவன் குனிஞ்சு என்னப் பாத்துச் சிரிச்சான். பாப்பா, ரயில்ல அம்மா வாந்தி எடுத்தாங்களான்னு கேட்டான். வண்டி ஏறுனதுலருந்து என்ன யாரும் ஒண்ணுமே கேக்கல சரோஜா. பேசுனா வாய மூடுன்னுதான் சொன்னாங்க. ஒரு பெரிய மனுசன் கேக்குறானேன்னு எனக்கு ஒரே பெரும. ஆமா, நெறைய எடுத்தாங்கன்னு சத்தமாச் சொன்னேன்."

ரவி எழுந்து போய்க் கோப்பையைக் கழுவ ஆரம்பித்தார்.

"அம்மா என் கையப் புடிச்சிருந்துச்சு. நறுக்குன்னு ஒரு கிள்ளு கிள்ளுச்சு. அவ்வளவுதான். அம்மாவ இடது பக்கம் தள்ளிட்டான். என்னைக் காளியம்மாவோட வலது பக்கம் அனுப்பிட்டான். எங்க அம்மா என்னக் கடைசியாத் தொட்டது அந்தக் கிள்ளுதான்."

அன்று சாயங்காலம், விளக்கு வைக்கும் நேரம். படுக்கைக் கொட்டகையின் கடைசியில் மூங்கில் வேலி. பிள்ளை அங்கே நழுவிப் போயிருக்கிறது. ஓடைக்கு அந்தப் பக்கம் சீக்குக் கொட்டகை வாசலில் ஒரு அரிக்கேன் விளக்கு எரிந்தது. கொடியில் அம்மாவின் மஞ்சள் சேலை ஈரமாகத் தொங்கியது. வாசலில் யாரோ உட்கார்ந்திருப்பது தெரிந்தது, முகம் தெரியவில்லை.

"அம்மான்னு கத்துனேன். பதிலு இல்ல. இன்னொரு தரம் கத்துனேன். அதுக்குள்ள காவக்காரன் வர்ற சத்தம். காளியம்மா ஓடியாந்து வாயப் பொத்தித் தூக்கிட்டுப் போயிட்டாங்க. ரெண்டு தரம்தான் கூப்புட முடிஞ்சுது. விடிஞ்சதும் எங்கள வேற முகாமுக்கு நடத்திட்டுப் போயிட்டானுங்க."

சண்டை முடிந்து காளியம்மா பிள்ளையைக் கிள்ளானில் ஒரு கன்னியாஸ்திரி மடத்தில் ஒப்படைத்தார். கொஞ்ச நாளில் அவரும் இறந்துவிட்டார். ஆன்டி வளர்ந்ததெல்லாம் மடத்தில். சிஸ்டர் கூப்பிட்டால் முதல் குரலுக்கே "எஸ் சிஸ்டர்" என்று எழுந்து நிற்க வேண்டும். இல்லாவிட்டால் முட்டி போட வேண்டும். இன்றைக்கும் அப்படித்தான். கிளினிக்கில் பேரைக் கூப்பிட்டு முடிப்பதற்குள், அந்த முட்டிவலியோடு எழுந்து நின்றுவிடுவார்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சாப் போதும்" என்றார். "அந்தக் கொட்டகைக்கு என் குரல் கேட்டிருக்குமா? கேட்கலன்னா சரி, தூரம். கேட்டுச்சுன்னா, அம்மா வேணும்னேதான் பதில் சொல்லாம இருந்திருக்கு. காட்டிக் குடுத்த புள்ளகிட்ட என்ன பேச்சுன்னு. நான் கண்ண மூடுறதுக்குள்ள அது எனக்குத் தெரியணும்."

என் காது கதை

இங்கே என் காதைப் பற்றி ஒரு கிளைக்கதை சொல்லியாக வேண்டும்.

அப்பா ரயில்வேயில் இருந்ததால் நாங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். முதுகோடு முதுகு ஒட்டிய வீடுகள், நடுவில் பின்சந்து. அந்த வீட்டில் மிளகாய் கிள்ளினால் இந்த வீட்டில் தும்மல் வரும். சந்தில் யாராவது யாரையாவது கூப்பிட்டபடியே இருப்பார்கள்.

அம்மாவுக்கு ஒரு சட்டம். பொழுது சாய்ந்த பிறகு வெளியிலிருந்து யார் பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் முதல் தடவைக்கு வாயைத் திறக்கக் கூடாது. இரண்டாவது தடவைக்கும் கூடாது. மூன்றாவது தடவையும் கூப்பிட்டால் அது மனுஷக் குரல், பதில் சொல்லலாம். காத்துக் கறுப்புக்கு மூன்றாவது முறை கூப்பிட முடியாதாம். "ஏன், அதுக்கு எண்ணத் தெரியாதா?" என்று கேட்டு நங்கென்று ஒரு குட்டு வாங்கியிருக்கிறேன். குவார்ட்டர்ஸில் பாதி வீடுகளில் இதே சட்டம்தான். இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டு, "ரொம்பத்தான் ராங்கி" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு போன அக்கம்பக்கத்தார் எத்தனையோ பேர்.

எனக்கு இந்தப் பழக்கம் பகலுக்கும் ஒட்டிக்கொண்டது. அலுவலகத்தில் "சரோஜா" என்று கூப்பிடுவார்கள், நான் கோடு போட்டுக்கொண்டே இருப்பேன். மறுபடி கூப்பிடுவார்கள், மறுபடி கோடு. மூன்றாவது முறை கத்தும்போது, "ஏன் கத்துறீங்க, காது கேக்குது" என்பேன். எங்கள் சீன முதலாளி பாவம், நல்ல மனுஷன். எனக்குக் காது மந்தம் என்று முடிவு கட்டி, அலுவலகச் செலவிலேயே காது டாக்டரிடம் அனுப்பி வைத்தார். டாக்டர் பெட்டிக்குள் உட்கார வைத்து என்னென்னவோ ஊளைச் சத்தங்களைப் போட்டுப் பார்த்துவிட்டு, "உங்க காது நாய்க்காது மாதிரி இருக்கு" என்றார். முதலாளிக்குக் கடைசி வரை விஷயம் புரியவில்லை.

ஒரு வாளிக் கஞ்சி

பாக்கியம் ஆன்டியின் டப்பாவுக்கு வருகிறேன். தூரத்தைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு பிடிமானம் கிடைத்தது.

ஒன்று, ஆன்டியின் கண். அந்திவேளையில் சேலையின் நிறம் தெரிந்திருக்கிறது, ஆள் இருப்பது தெரிந்திருக்கிறது, முகம் தெரியவில்லை. இன்னொன்று, பதிவில் ஒரு பெரியவர். சமையல் கொட்டகையிலிருந்து சீக்குக் கொட்டகைக்குக் கஞ்சி வாளி தூக்கிப்போனவர். நிறைந்த வாளியோடு போனால் வழியில் ஒரு தடவை கை மாற்றிக்கொள்வாராம், அதுவும் பலகைப் பாலத்தின் மேல். வீட்டில் நானே வாளியில் தண்ணீர் நிரப்பித் தூக்கிக்கொண்டு, எங்கள் அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடத்தில் எவ்வளவு தூரத்தில் கை கடுக்கிறது என்று நடந்து பார்த்தேன். பாதுகாவலர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வேலியிலிருந்து சீக்குக் கொட்டகை ஒரு கால்பந்துத் திடலின் நீளம். கொஞ்சம் கூட இருக்கலாம், அவ்வளவுதான்.

குணா வரைபடத்தைப் பார்த்தான். வாத்தியார் அல்லவா, உடனே புரிந்துவிட்டது.

"இவ்ளோ கிட்டயா?"

"இவ்ளோதான்."

"அக்கா, அந்த ஓடையக் கொஞ்சம் அகலமாக்கிடுங்களேன். யாருக்குத் தெரியப் போவுது? அந்தம்மா நிம்மதியாப் போய்ச் சேரட்டும் லா."

"ஓடைய அகலமாக்குனா பாலம் நீளும் குணா. பாலம் நீண்டா அந்தப் பெரியவர் வாளிய ரெண்டு தடவ கை மாத்தணும். அவரு ஒரு தடவன்னுதான் சொல்லியிருக்காரு."

"அவரு செத்துப் போயிட்டாரு அக்கா."

"அதனாலதான் மாத்த மாட்டேன். உயிரோட இருந்தா அவர்கிட்டக் கேட்டு மாத்தியிருப்பேன்."

குணா தாளை வெடுக்கென்று என் பக்கம் தள்ளினான். கோபம் எனக்கும் இருந்தது. அவன் மேல் இல்லை. இத்தனை வருஷம் கோடு போட்டதில் ஒரு கோட்டை நகர்த்த என் கை இவ்வளவு ஆசைப்பட்டதில்லை. அந்த ஆசை மேல்தான் எனக்குக் கோபம்.

நின்னு காட்டு

தாளை மடக்கி எடுத்துக்கொண்டு காப்பாருக்குப் போனேன். ஆன்டி கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார்.

"கோட்டுல எனக்கு என்ன தெரியும்? நீ நின்னு காட்டு."

"ம்மா, நெஞ்சுல ஸ்டென்ட் வச்சிருக்கு. கத்துறேன் கித்துறேன்னு ஆரம்பிக்காதீங்க" என்றார் ரவி. ரவியே அறுபதைத் தொட்டவர், இரண்டு லோரி வைத்து ஓட்டுகிறார். அவர் அதட்டினால் டிரைவர்கள் நடுங்குவார்களாம். ஆன்டி செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குப் பின்னால் சாலையைத் தாண்டினால் ஒரு பழைய பந்துத் திடல். அதன் ஓரமாகப் பெரிய வாய்க்கால், அதற்கப்பால் செம்பனைத் தோட்டம். தூரத்தில் மின்நிலையத்துப் புகைபோக்கிகள். வாய்க்கால் மதகில் தண்ணீர் விழுந்து இரைந்துகொண்டிருந்தது. ஓடைச் சத்தத்துக்கு அது போதும் என்று நினைத்துக்கொண்டேன். பள்ளிவாசலில் அந்தித் தொழுகைக்கான மஃரிப் பாங்கு முடியட்டும் என்று காத்திருந்தோம். அந்த நேரம்தான் வேண்டும் என்று ஆன்டி பிடிவாதமாகச் சொல்லியிருந்தார்.

ஏற்பாடு சுலபம். ஆன்டியும் ரவியும் இந்தக் கோல்கம்பத்தில். நான் அந்தக் கோல்கம்பத்தையும் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், கையில் ரவியின் சிவப்புத் துண்டோடு. குரல் கேட்டால் துண்டைத் தூக்கிக் காட்ட வேண்டும்.

நடக்கும்போது ஒரு கணக்குப் போட்டுக்கொண்டே போனேன். கிழவிக் குரல். சின்னப் பிள்ளை வீறிட்டுக் கத்துவது இதைவிட எவ்வளவோ தூரம் போகும். அதனால் இது கேட்காவிட்டால் எதுவும் முடிவாகாது. கேட்டுவிட்டால் எல்லாம் முடிந்தது.

போய் நின்றேன். வெளிச்சம் நன்றாக இறங்கிவிட்டது. ஆன்டியின் வெள்ளைச் சட்டை தெரிந்தது, முகம் தெரியவில்லை.

"அம்மா!"

கேட்டது. மதகு இரைச்சலுக்கு மேலே, மெல்லிசாக, ஆனால் தெள்ளத் தெளிவாகக் கேட்டது.

என் கை எழவில்லை.

"அம்மா!"

அதுவும் கேட்டது. நான் துண்டைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். ஆன்டி மேல் இரக்கப்பட்டுப் பொய்யாக நின்றேன் என்று நினைக்காதீர்கள். பொய் சொல்வதா வேண்டாமா என்கிற இடத்துக்கே நான் இன்னும் போகவில்லை. சும்மா நின்றேன்.

அதற்குள் அந்தப் பக்கம் ரவி கையைத் தட்டினார். "கேக்கல! பாத்தீங்களாம்மா, அக்காவுக்குக் கேக்கவே இல்ல! நான்தான் சொன்னேன்ல!" அவர் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். ஆன்டி கோல்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் புல்லில் உட்கார்ந்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் எதற்காக நிற்கிறேன்? எதற்குக் காத்துக்கொண்டு நிற்கிறேன்?

உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. இந்தத் தொடரில் நான் அடிக்கடி எழுதுகிற வார்த்தை இல்லை இது.

திடலைக் குறுக்கே ஏறக்குறைய ஓடினேன். வழி முழுக்க, இப்படியே விட்டுவிடலாமே, இதைவிட நல்ல முடிவு அவருக்கு இனி எங்கே கிடைக்கும் என்று மனசு சொல்லிக்கொண்டே வந்தது. குணா இருந்தால் என் காலைக் கட்டியிருப்பான்.

"ஆன்டி, எனக்குக் கேட்டுச்சு."

ரவி என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப் போவதில்லை.

"கேட்டுச்சா?" என்றார் ஆன்டி.

"ரெண்டு தடவையும் நல்லாக் கேட்டுச்சு."

அவர் முகம் அப்படியே விழுந்தது. "அப்ப ஏன் நீ கையத் தூக்கல?"

"மூணாவது தடவைக்கு நின்னுகிட்டிருந்தேன்."

"மூணாவதா? என்ன மூணாவது?"

"பொழுது சாஞ்ச பொறவு மூணு தடவ கூப்பிட்டாத்தான் பதில் சொல்லணும் ஆன்டி. எங்க வீட்டுல அப்படித்தான். ரெண்டுக்குச் சொல்லக் கூடாது. இந்த வயசுலயும் என் கை எழல. நானா நினைச்சு நிக்கல, அது பாட்டுக்கு நின்னுடுச்சு."

ஆன்டி புல்லைப் பிடுங்கிக்கொண்டே இருந்தார். ரவி, "வீட்டுக்குப் போலாம்மா" என்று கையைப் பிடித்தார். ஆன்டி அந்தக் கையை உதறினார்.

"ரயிலு" என்றார். "ரயிலு ஒரு எடத்துல நின்னுச்சு. ஒரே இருட்டு. வெளிய யாரோ கூப்புட்டாங்க. நான் 'என்னா'ன்னு வாயத் தொறக்கப் போனேன். அம்மா பொத்துச்சு. இருட்டுல யார் கூப்புட்டாலும் மூணு தரம் கேக்காம வாயத் தொறக்காத, வாந்திபேதி தெரிஞ்ச ஆளு குரல்லயே கூப்புடும்னுச்சு." நிறுத்தி மூச்சு வாங்கினார். "தெரிஞ்ச ஆளு குரல்ல. புள்ள குரல்லயும் கூப்புடும்தானே சரோஜா?"

"கூப்பிடும்னுதான் எங்கம்மாவும் சொல்வாங்க."

"சிஸ்டருங்க வளத்து எனக்கு எல்லாம் மறந்து போச்சு." அவர் அழுதார். ஆனால் சத்தம் போட்டு அழவில்லை. "நான் ரெண்டோட நிறுத்திட்டேன். அம்மா அங்க மூணாவதுக்கு ஒக்காந்திருக்கு."

"கோவமே இல்லைன்னு என்னால சொல்ல முடியாது ஆன்டி. அது எனக்குத் தெரியாது" என்றேன். வரைபடக்காரி புத்தி, அந்த நேரத்திலும் போகவில்லை. "ஆனா பதில் வராததுக்குக் கோவந்தான் காரணம்னு இனிமே நீங்க சொல்ல முடியாது."

கண்ணைத் துடைத்துக்கொண்டார். ரவியின் தோளைப் பிடித்து எழுந்தார்.

"போ. திரும்பப் போயி நில்லு."

நான் மறுபடியும் திடலைக் கடந்து போனேன். இந்த முறை பழைய இடத்தை அடைவதற்குள் நன்றாக இருட்டிவிட்டது. வெள்ளைச் சட்டைகூடத் தெரியவில்லை. புகைபோக்கி மேலே சிவப்பு விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது.

"அம்மா!"

நின்றேன்.

"அம்மா!"

நின்றேன்.

மூன்றாவது வர நேரம் பிடித்தது. மூச்சைச் சேர்த்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. வந்தபோது அது முதல் இரண்டையும்விடச் சத்தமாக, இழுத்து, உடைந்து வந்தது.

"அம்மா...!"

துண்டைத் தூக்கினேன். தூக்கிய பிறகுதான் இந்த இருட்டில் துண்டு யாருக்குத் தெரியும் என்று தோன்றியது. வேறு வழியில்லை, வாயைத் திறந்தாக வேண்டும். தொண்ணூறு வயசை நெருங்கும் ஒருவரை நான் "டி" போட்டுப் பேசியது என் ஆயுசிலேயே அந்த ஒரு தடவைதான்.

"இங்கதான்டி இருக்கேன்!"

மதகுத் தண்ணீர் கொஞ்ச நேரம் இரைந்துகொண்டிருந்தது. பிறகு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது.

"சரிம்மா."